வராதவர்களின் பலகை

செய்தி வந்தபோது நான் நூலகராக இருக்கும் சேலம் கல்லூரி நூலகத்தில் வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. கைபேசியில் பாக்கியநாதன் அண்ணனின் மகள் ஸ்டெல்லாவின் பெயரைப் பார்த்ததும் எதற்கென்று தெரிந்துவிட்டது. இருந்தும் கையிலிருந்த புத்தகத்தின் எண்ணைக் குறித்து முடித்த பிறகே எடுத்தேன்.

“மேடம், அப்பா காலைல போயிட்டாருங்க. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம்” என்றாள். குரல் உடையவில்லை. “வரும்போது ஒரு டப்பா சாக்பீஸ் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காருங்க. வெள்ளைதான் வேணுமாம்” என்றாள்.

துக்கத்துக்குப் போகிறவர்கள் மாலை வாங்கிப் போவார்கள். பாக்கியநாதன் அண்ணன் என்னிடம் கேட்டது சாக்பீஸ். அவரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறிந்தவர்களிலும் சிலர் படித்தால் நல்லது, குறிப்பாக அவருடைய பலகையை ஈரத்துணியால் துடைத்தவர்கள்.

அவருடைய ஊர் அருளம்பாளையம். ஆட்டையாம்பட்டி தாண்டி நாமக்கல் பக்கமாகப் பிரியும் சாலையில் இருக்கிறது. ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாக வகிர்ந்து போகிறது. வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் கோயில் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் கட்டிய மாதா கோயில். ஆனால் வெகுகாலம்வரை உள்ளே அவர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்துதான் பூசை கண்டார்கள். காரணம் சாதி. அதை வேறு பெயரால் சொல்லும் நாசூக்கு எனக்கு வராது, அண்ணனுக்கும் வந்ததில்லை. அவர், தங்களை மேல்சாதி என்று சொல்லிக்கொண்ட வடக்குத் தெருவைச் சேர்ந்தவர்.

இருபது வயதுக்குள் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சேர்ந்து, அது மூடப்படும்வரை அங்கேயே வேலை பார்த்தார். எந்த வண்டி எந்தச் சரக்குடன் எந்த ஊரில் நிற்கிறது என்று தொலைபேசியில் துரத்திக்கொண்டே இருப்பதுதான் அந்த வேலை. ஆபீசில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் மூன்று பத்திகள்: போன வண்டி, வந்த வண்டி, வராத வண்டி. முதல் இரண்டையும் தினமும் அழித்து எழுதுவார்கள். மூன்றாவதில் எழுதிய டிரைவரின் பெயரை வண்டி வந்து சேர்ந்தால்தான் அழிப்பார்கள்.

ஒருமுறை முருகேசன் என்ற டிரைவர் வடக்கே ஓட்டிப்போன வண்டி சாலையோரம் அனாதையாக நின்றது. சரக்கு அப்படியே இருந்தது. முருகேசன் இல்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. வருடங்கள் போயின. முதலாளி, “அந்தப் பேரை அழிச்சுருப்பா, பாக்கறவங்க ஒரு மாதிரி நெனைக்கறாங்க” என்றாராம். “வந்தா அழிக்கறனுங்க” என்று அண்ணன் சொன்னாராம். ஆபீஸ் மூடிய நாளில் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று ஆளுக்கொன்றை எடுத்துப் போனபோது அவர் அந்தப் பலகையை, முருகேசன் பெயர் அழியாதபடி பழைய வேட்டியால் மூடி, ஊருக்குக் கொண்டுவந்தார்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பின்தான் நூலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கல்லின் புகைப்படம் இருந்தது. மாதா கோயிலின் வெளிச்சுவரில், பெரிய கதவுக்கு வலப்புறம் பதித்த கருங்கல் அது. “உலகப் பெரும்போரில் உயிர் நீத்த இப்பங்கின் வீரர்கள்” என்ற தலைப்பின் கீழ் ஒன்பது பெயர்கள். அதில் மதலைமுத்து என்பவர் அவருடைய பாட்டனாரின் தம்பி.

எங்கள் நூலகத்துக்கு இப்படிப் பலர் வருவதுண்டு. வீட்டுப் பெருமைக்கு ஆதாரம் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் நூலகரைக் குறை சொல்வார்கள். இவரையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

“ஏனுங்க அம்மிணி, இந்த ஒம்பது பேரும் எங்க எறங்குனாங்கன்னு பாக்கோணுமுங்க” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “இறங்கினார்களா?” என்றேன்.

“ஆமாங்க. சேலத்துல ஏத்தியிருக்காங்க. கப்பல்ல போயிருக்காங்க. எறக்குன எடம்னு ஒண்ணு இருக்கோணுமில்லீங்களா? யாரு கையெழுத்துப் போட்டு வாங்குனாங்கன்னு இருக்கோணுமில்லீங்களா? சும்மா கல்லுல வெட்டிட்டாப் போச்சா?”

வெளியார் நூலகத்தைப் பயன்படுத்த அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். திரும்ப வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் கதவைத் திறக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தார். பழைய லாரி ரசீதின் பின்பக்கத்தில் எழுதிய விண்ணப்பத்தை நீட்டினார்.

ஏற்றிய இடம், இறக்கிய இடம், கையெழுத்துப் போட்டவர் என்ற மூன்று கேள்விகளைத் தவிர அவரிடம் வேறு ஆய்வுமுறை எதுவும் கிடையாது. நான் பல்கலைக்கழகத்தில் கற்ற முறைகளைவிட அது மோசமானதல்ல என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆனது. அயல்நாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு நாங்கள் எழுதிய முதல் கடிதத்தில், “கீழ்க்கண்ட ஒன்பது பேரும் எங்கே இறக்கப்பட்டார்கள், யார் பெற்றுக்கொண்டார்கள் என்பதை உறுதிசெய்யவும்” என்று எழுதச் சொன்னார். நான் அதை மழுப்பி, மரியாதையான ஆங்கிலத்தில் மாற்றினேன். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தை அவர் சொன்னபடியே அனுப்பினேன். பதில் வந்தது.

மதலைமுத்து முதல் உலகப் போரின்போது ஈராக்கின் பாஸ்ராவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் காய்ச்சல் கண்டு இறந்திருந்தார். குண்டடி எதுவும் படவில்லை. அந்தத் தாளை அவரிடம் கொடுக்கத் தயங்கினேன். மதலைமுத்து கடைசித் தோட்டாவரை நின்று சண்டையிட்டார் என்பது அந்த வீட்டில் மூன்று தலைமுறைக் கதை. அண்ணன் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சிரித்தார்.

“காய்ச்சலா? எங்க அப்பனுக்குப் பொண்ணு கேக்கப் போனப்பக்கூட அந்தத் துப்பாக்கிக் கதையச் சொல்லித்தானுங்க கேட்டாங்களாம். எங்க ஆத்தா ஏமாந்துட்டா பாருங்க. சரி, இனிமே காய்ச்சல்னே சொல்லுவோம்.”

அன்றுதான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். தனக்குச் சாதகமில்லாத ஆதாரத்தைச் சிரித்துக்கொண்டே ஏற்பவர்களை நான் படித்தவர்களிடையே அதிகம் கண்டதில்லை.

அடுத்து அவர் கோயிலின் பழைய பதிவுகள் இருந்த பெட்டகத்துக்குப் போனார். பங்கு மக்கள், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள், யாருக்காக, எதற்காகப் பூசை கேட்கிறார்கள் என்று சாமியார்கள் குறித்துவைக்கும் நோட்டு உண்டு. போர்க்காலத்து நோட்டு பூச்சியரித்துக் கிடந்தது. பிரெஞ்சுக்காரச் சாமியாரின் லத்தீன் சுருக்கெழுத்தை இப்போதைய பங்குச் சாமியார் பொறுமையாகப் படித்துச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். கடல் கடந்து போன மகன் நலமாகத் திரும்ப வேண்டுமென்று பூசை கேட்ட தாய்மார் ஒன்பது பேர் அல்ல. பதின்மூன்று பேர்.

கூடுதலான நான்கு பெயர்கள்: ராயப்பன், இன்னாசி, யாகப்பன், சவரி. நான்கும் தெற்குத் தெரு. அவர்களைச் சுமைகூலிப் படையில் சேர்த்திருந்தார்கள். கோவேறு கழுதை ஓட்டவும், காயம்பட்டவர்களைத் தூக்கவும், கழிப்பிடம் அள்ளவும். துப்பாக்கி கொடுக்கப்படாததால் அவர்கள் வீரர்கள் இல்லை என்று கல் வைத்தவர்கள் முடிவு செய்திருக்க வேண்டும். அல்லது அவ்வளவுகூட யோசித்திருக்க மாட்டார்கள்.

தெற்குத் தெருவில் செசிலி அக்காவைப் பார்க்கப் போனோம். விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுபவர். சவரியின் தங்கை வழிப் பேத்தி. அண்ணனை வாசலில் நிறுத்தியே கேட்டார்.

“நூறு வருசமா அந்தக் கல்லு அங்கயேதானுங்க இருக்குது. இப்பத்தான் உங்க தெருக்காரங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுதாக்கும்?”

“ஆமாங்க. கண்ணாடி இப்பத்தான் போட்டன்” என்றார் அண்ணன், மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டி.

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொன்னார். அப்போது ஒன்று சொன்னார். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் தங்கள் வீட்டு இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கும் சிலுவையடியில் ஒன்று ஏற்றுவது வழக்கம். “எங்க ஊட்டுல சவரிக்கு மட்டும் ஏத்தறதில்லீங்க. ஏத்துனா செத்துட்டாருன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுன்னு எங்க பாட்டி சொல்லும். யாரும் வந்து சொல்லலீங்களே. கடுதாசிகூட வரல.”

நான் என் குறிப்புகளைப் புரட்டினேன். மற்ற பன்னிரண்டு தாய்மாரும் ஏதோ ஒரு தேதியில் “நலமாகத் திரும்ப” என்பதை விட்டு “ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று இறந்தவருக்கான பூசை கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சவரியின் தாய் மட்டும் கடைசிவரை மகன் நலமாகத் திரும்ப வேண்டுமென்றே கேட்டிருந்தாள்.

ராயப்பன், இன்னாசி, யாகப்பன் மூவரின் சாவுக்கும் ராணுவப் பதிவு கிடைத்தது. சவரிக்கு எங்கேயும் ஒரு வரி இல்லை. நான்கு பெயர்களையும் கல்லில் சேர்க்கக் கேட்டு அண்ணன், கோயில் காரியங்களை முடிவுசெய்யும் பங்குப் பேரவைக்கு எழுதினார். கல்லூரியில் இருப்பவர் ஒருவரின் சான்று வேண்டும் என்றார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். மூவருக்கு ஆவணம் உண்டு என்று ஒரு பக்கம் எழுதி, “நான்காமவரின் இறப்புக்குப் போதிய சான்று இல்லை” என்று முடித்தேன். உண்மையைத்தான் எழுதினேன்.

பேரவைக் கூட்டத்தில் செயலாளர் அந்தக் கடைசி வரியை மட்டும் உரக்கப் படித்தார். “காலேஜு மேடமே சான்று இல்லைங்கறாங்க. அப்பறம் நாம என்னத்தப் பேசறது?” கூட்டம் முடிந்தது.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றபடி, வகுப்பெடுக்காத குரலில், வியாபாரம் பேசுவதுபோல் சொன்னார்: “நீங்க எழுதுனது தப்பில்லீங்க அம்மிணி. ஏத்துன விதந்தான் தப்பு. பில்லு இருக்கற சரக்கையும் பில்லு இல்லாத சரக்கையும் ஒரே வண்டில ஏத்திப்போட்டீங்க. செக்போஸ்ட்டுல மொத்த வண்டியும் நின்னுபோச்சு. ரெண்டு தாளா எழுதியிருக்கோணும்.”

இருபத்தைந்து வருடம் படித்தும் நூலகத்தில் வேலை பார்த்தும் வந்தவள் நான். என் வாக்கியத்தை யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று யோசிக்காமல் உண்மையை எழுதிவிட்டுக் கைகழுவிக்கொள்வதும் ஒரு தவறு என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

சில மாதங்களில் பேரவையிலிருந்து சமரசம் வந்தது. மூன்று பெயர்களைச் சேர்க்கலாம், சவரியை விட்டுவிடலாம். நான் உடனே சம்மதித்தேன். அண்ணன் மறுத்தார். நூலகத்து மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டையிட்டோம்.

“மூன்றையாவது ஏற்றுவோம் அண்ணா. நான்காவதைப் பிறகு பார்ப்போம்.”

“பொறகு யாருங்க பாப்பாங்க? மூணைப் போட்டுட்டா ஃபைலு மூடிரும். நாலு பேரும் ஒண்ணா ஏறுனவங்க.”

“சவரி செத்ததற்கு ஆதாரமே இல்லை. எங்கேயோ பிழைத்து, கல்யாணம் பண்ணிக்கொண்டுகூட இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கட்டுங்க, சந்தோசந்தான். ஊருக்கு வந்தாரா?”

“இல்லை.”

“என்னோட கேள்வி அவ்வளவுதானுங்க.”

“அது வரலாறு ஆகாது” என்றேன்.

“நீங்க வரலாறு பாருங்க அம்மிணி. நான் வண்டி பாக்கறன்” என்று எழுந்து போனார். நான்கு மாதம் அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பிடிவாதத்தில் நான் அவருக்குக் குறைந்தவள் அல்ல.

அந்த ஆண்டுக் கல்லறைத் திருநாளன்று ஸ்டெல்லா ஒரு படம் அனுப்பினாள். மாதா கோயில் சுவரில், கருங்கல்லுக்கு நேர் கீழே, அந்தக் கரும்பலகை சாய்ந்து நின்றது. முதல் இரண்டு பத்திகளையும் அவர் அழித்திருந்தார். மூன்றாவது பத்தியின் தலைப்பில் ‘வண்டி’யை அழித்து, “வராதவர்கள்” என்று பலகை முழுவதற்குமாக எழுதியிருந்தார். முதல் வரியில் பழைய முருகேசன். அவருக்குக் கீழே பதின்மூன்று பெயர்கள், இரண்டு தெருவும் கலந்து, அகர வரிசையில்.

“கோயில்ல எதுக்குங்க முருகேசன்?” என்று செயலாளர் கேட்டாராம்.

“அவனும் வரலீங்களே” என்றாராம் அண்ணன்.

மாலைக்குள் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். முருகேசனையும் சேர்த்து. இத்தனை வருடம் காத்த எழுத்து போய்விட்டதே என்று நான் கைபேசியில் கேட்டபோது, “அதே பேருதானுங்க, மறுபடி எழுதிட்டாப் போச்சு” என்றார். எங்கள் நான்கு மாத மௌனம் அப்படி முடிந்தது.

அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன். அவர் பெயர்களை மட்டும் சேர்க்கவில்லை, கேள்வியையே மாற்றியிருந்தார். “உயிர் நீத்தவர்கள்” என்றால் சாவுக்குச் சான்று வேண்டும். “வராதவர்கள்” என்றால்? நான் பங்கின் திருமணப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் போர் முடிந்த ஆண்டிலிருந்து வரிவரியாகப் பார்த்தேன். மூன்று வாரம் ஆனது. பதின்மூன்று பேரில் ஒருவர்கூட அந்த ஊரில் மணமுடிக்கவில்லை, ஒருவர்கூட அந்த ஊரில் அடக்கமாகவில்லை. பதின்மூவரும் திரும்பி வரவில்லை என்பதற்கு ஆவணச் சான்று உண்டு என்று புதிதாக ஒரு கடிதம் எழுதினேன். ஒரே தாள், ஒரே வாக்கியம். எந்த வரியை மட்டும் படித்தாலும் அதேதான் வரும்.

பேரவை அதைப் பரிசீலனையில் வைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த இரண்டு கல்லறைத் திருநாள்களிலும் பலகை நின்றது, துடைக்கப்பட்டது. இரண்டாம் முறை துடைக்க வந்தவரிடம் அண்ணன் தன் தோள் துண்டை நீட்டி, “இதுல தொடைங்க சாமி, உங்க துணி அழுக்காயிரப் போவுது” என்றாராம்.

அவர் இறப்பதற்குப் பத்து நாள்களுக்கு முன் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார்.

“கமிட்டி என்ன சொல்லுதுங்க?”

“ஒன்றும் இல்லை அண்ணா.”

“நான் போனதும் ஒரு தாளு வரும் பாருங்க. மூணு பேருன்னு போட்டிருக்கும். எம் பேரச் சொல்லி, அவரு ஞாபகமான்னு கேப்பாங்க. கையெழுத்துப் போட்டுராதீங்க.”

அடக்கத்தன்று இரண்டு மணிக்கே போய்விட்டேன். பூசைக்காக உடலைக் கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் வெளியே நின்றேன். ஸ்டெல்லா வீட்டிலிருந்து பலகையைக் கொண்டுவந்து கல்லின் கீழ் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் டப்பாவைப் பிரித்தேன். பலர் பார்க்க ஒரு காரியம் செய்வது எனக்கு எப்போதும் கூச்சம். தலைப்பை எழுதினேன். முருகேசன் என்று எழுதினேன். பிறகு மற்றவர்களை.

பூசை முடிந்து பெட்டி வெளியே வந்தபோது நான் சவரி என்ற பெயரில் இருந்தேன். செயலாளர் முன்னால் வந்தார்.

“மேடம், நீங்க படிச்சவங்க. இன்னைக்கு இது வேணுங்களா? சான்று இல்லைன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க?”

பெட்டியைத் தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். இரண்டு தெருக்காரர்களும் நின்றார்கள்.

“ஆமாம். செத்ததற்குச் சான்று இல்லை” என்றேன். “வந்ததற்கு உங்களிடம் சான்று இருந்தால் காட்டுங்கள். நானே அழித்துவிடுகிறேன்.”

நான் சவரியையும் அதற்குக் கீழ் வரும் பெயர்களையும் எழுதி முடித்தேன். பிறகு, யாரும் கேட்காமலே, பதினான்கு பெயர்களையும் முதலிலிருந்து வாசித்தேன். கடைசிவரை வாசித்தேன். அதற்குப் பிறகுதான் பெட்டி நகர்ந்தது.

கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் செசிலி அக்கா ஒரு மெழுகுவத்தியை ஏற்றிச் சிலுவையடியில் நட்டார். என்னைப் பார்த்து, “இவருக்கு ஏத்தலாமுங்க. இவரு எங்க எறங்குனாருன்னு நமக்குத் தெரியும்” என்றார்.

அன்று மாலை நான் சேலம் திரும்பும் வழியெல்லாம் மழை. சாக்பீஸ் எழுத்து மழைக்கு நிற்காது. மறுநாள் காலை ஸ்டெல்லா படம் அனுப்பினாள். பலகை அதே இடத்தில் இருந்தது. ஈரம் காயாத பலகையில் பெயர்கள் மறுபடி எழுதப்பட்டிருந்தன. என் கையெழுத்து அல்ல. ஸ்டெல்லாவுடையதும் அல்லவாம். ஒரே கையும் அல்ல. சாய்ந்த எழுத்தும் நேரெழுத்தும் மாறிமாறி இருந்தன. எண்ணிப் பார்த்தேன். பதினான்கும் இருந்தன.

அண்ணன் சொன்ன அந்தத் தாள் நான்காம் நாள் வந்தது. மூன்று பெயர்கள். “அன்னாரின் நினைவாக” என்றும் இருந்தது. நான் கையெழுத்திடும் இடத்தை வெறுமையாக விட்டு, அதன் குறுக்கே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்: முழுச் சரக்கும் வந்து சேரவில்லை.

போய் வாருங்கள் அண்ணா. பலகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.